எடை நகரும் கோடு: மாமல்லபுரத்தில் அசையும் உடம்பை வரைதல்

நிற்கும் உருவத்தை ஓரளவு வரையப் பழகியவர்களுக்கான அத்தியாயம் இது. தலை, மார்புக்கூடு, இடுப்பு என்ற மூன்று திரள்களைப் பிரித்துப் பார்க்கவும், தோளும் இடுப்பும் எதிரெதிராகச் சாயும் திரிபங்க நிலையைத் தாளில் கொண்டுவரவும் கை பழகியிருந்தால் போதும். மற்றதை மாமல்லபுரத்துக் கல்லும் கடற்கரையும் கற்றுத்தரும்.

ஓடுகிற ஆளை வரையச் சொன்னால் பெரும்பாலோர் கால்களை அகல விரிக்கிறார்கள், கைகளை முன்னும் பின்னும் வீசவைக்கிறார்கள். நடுவுடம்பு மட்டும் செங்குத்தாக நின்றுவிடுகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு அந்த ஆள் ஓடுவதில்லை. கால் பரப்பி நிற்கிறார். ஓட்டத்தைக் கால்களில் தேடுவதால் வரும் பிழை இது. உடம்பின் எடை தான் இருந்த இடத்தை விட்டுக் கிளம்பி, அடுத்த இடத்தில் இன்னும் இறங்காமல் இருக்கிறதே, அந்த நொடியில்தான் ஓட்டம் இருக்கிறது. இந்த அத்தியாயம் முழுக்க நாம் தேடப்போவது அந்த எடையைத்தான். கை, கால், விரல், முகமெல்லாம் அதற்குப் பிறகு.

பரோக் கலைஞர்கள் தேடியது

17ஆம் நூற்றாண்டில், பரோக் காலத்து ஐரோப்பாவில், நகரும் எடையை எப்படிப் பிடிப்பது என்ற கேள்வியோடு ஒரு தலைமுறையே மல்லுக்கட்டியது. ரோமில் பெர்னினி, ஆன்ட்வெர்ப்பில் ரூபன்ஸ், இத்தாலியின் செந்தோ ஊர்க்காரரான குவெர்சினோ, ஆம்ஸ்டர்டாமில் ரெம்பிராண்ட் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியில் போனார்கள். அவர்கள் செய்த மாற்றம் என்னவென்று ஒரே பார்வையில் தெரிய வேண்டுமானால் விவிலியக் கதையின் கவண் வீரன் டேவிட்டின் இரண்டு சிலைகளின் படங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். மைக்கேலாஞ்சலோவின் டேவிட் 1501 முதல் 1504 வரை செதுக்கப்பட்டது. கவண் தோளில் கிடக்கிறது, எடை வலக்காலில் நிம்மதியாக இறங்கியிருக்கிறது, சண்டை இனிமேல்தான். பெர்னினியின் டேவிட் 1623-24இல் உருவானது. கால்கள் அகன்று, உடம்பு இடுப்பிலிருந்து முறுக்கிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி கவணை இழுத்துப் பிடித்திருக்கிறான். கல் இன்னும் கையை விட்டுப் போகவில்லை. எதிரி சிலையில் இல்லை. பார்க்கிற நம் முதுகுக்குப் பின்னால் எங்கோ நிற்கிறான்.

இந்தச் சிலையிலிருந்து மூன்று விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது சாய்வு: உடம்பின் அச்சு செங்குத்தை விட்டு விலகியிருப்பது. இரண்டாவது முறுக்கு: இடுப்பு ஒரு பக்கம் பார்க்க, தோள் இன்னொரு பக்கம் திரும்புவது. மூன்றாவது தருணம்: ஒரு செயலின் எந்த நொடியைப் பிடிப்பது என்ற தேர்வு. மூன்றும் எடையோடு கட்டுண்டவை. பரோக் வரைபடங்களில் காற்றில் பறக்கும் துணியும், சுருண்டு எழும் மேகமும், கும்மிருட்டும் பேரொளியும் கண்ணைப் பறிக்கும். அவற்றைப் பார்த்து மயங்கி, துணியை மட்டும் பறக்கவிட்டு உடம்பை நிற்கவைத்துவிடக் கூடாது.

இவற்றைப் படிக்க ரோமுக்கோ ஆன்ட்வெர்ப்புக்கோ போக முடியாதவர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்கு ஓடும் பேருந்து போதும். மாமல்லன் எனப்பட்ட முதலாம் நரசிம்மவர்மனின் பெயர் தாங்கிய இந்த ஊரில், பரோக் காலத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, பல்லவச் சிற்பிகள் இதே கேள்விக்குக் கருங்கல்லில் விடை எழுதிவிட்டார்கள். பல்லவர் கலையைப் பரோக் என்று அழைப்பது சரியாகாது. நோக்கம் வேறு, வழிபாடு வேறு, உடம்பைப் பற்றிய எண்ணமும் வேறு. ஆனால் சாய்வு, முறுக்கு, தருணம் மூன்றையும் கற்றுக்கொள்ள மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தைவிட நல்ல வகுப்பறை நம் நாட்டில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கொண்டுபோக வேண்டியவை

பரீட்சை அட்டை ஒன்று, அதன் இருபுறமும் மாட்ட கிளிப்புகள். கடல்காற்று ஒரு கிளிப்பில் அடங்காது. விலை குறைந்த நியூஸ்பிரிண்ட் தாள்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த தாள் கையைப் பயப்படவைக்கும். கரிக்குச்சி, 4பி, 6பி பென்சில்கள், செங்காவி நிறக் குச்சி ஒன்று. பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போடும் பிரவுன் ஷீட்டில் சிலவற்றை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதன் பயன் பின்னால் வரும். ஒரு கனமான நட் அல்லது சாவியைக் கட்டிய நூல் கட்டாயம் வேண்டும். கொத்தனாரின் தூக்குக்குண்டு செய்யும் வேலையை அது நமக்குச் செய்யும். ரப்பர் வேண்டாம். தவறான கோட்டின் மேலேயே சரியான கோட்டைப் போடுங்கள். ரூபன்ஸின் வரைபடங்களில் ஒரே கை இரண்டு மூன்று இடங்களில் இருப்பதைப் பார்க்கலாம். அப்படி விட்ட கோடுகளே அந்தக் கையை அசையவைக்கின்றன.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தாளைச் சிற்பத்தின் மீது வைத்துக் கரியால் தேய்த்து எடுக்கும் வேலையை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். புடைப்புச் சிற்பங்களைக் கையால் தொடவும் வேண்டாம். 1,300 ஆண்டுகளாகக் கடல் உப்பைத் தாங்கி நிற்கிற கல் அது.

மகிஷாசுரமர்த்தினி மண்டபம்

குன்றின் மேல் கலங்கரை விளக்கத்தின் அருகே, ஓலக்கணேஸ்வரர் கோயிலுக்கு நேர் கீழே இந்தக் குடைவரை இருக்கிறது. கிழக்கு பார்த்த வாசல். உள்ளே நுழைந்ததும் வலக்கைப் பக்கம் வடசுவரில் தேவியும் மகிஷனும் மோதும் காட்சி. இடக்கைப் பக்கம் தென்சுவரில் பாம்பணையில் பள்ளிகொண்ட திருமால். காலை வெயில் கிழக்கிலிருந்து வருவதால் பக்கச் சுவர்களின் மேல் வெளிச்சம் உரசிக்கொண்டு போகும். நேர் வெளிச்சம் சிற்பத்தைத் தட்டையாக்கும். உரசும் வெளிச்சம் ஒவ்வொரு திரளையும் எழுப்பிக் காட்டும். ஆகவே காலை 9 மணிக்குள் அங்கே இருங்கள். உள்ளே உட்கார இடம் கிடைக்காத நாளில் தூண்களுக்கு நடுவிலிருந்தும் வரையலாம்.

உட்கார்ந்தவுடன் பென்சிலை எடுக்காதீர்கள். காட்சியை முதலில் முழுதாகப் பாருங்கள். இடப்பக்கத்திலிருந்து தேவி சிங்கத்தின் மேல் வருகிறாள், எட்டுக் கைகள், வில் நாண் இழுபட்டிருக்கிறது. சுற்றிலும் குட்டைக் கணங்கள். வலப்பக்கம் எருமைத் தலையும் மனித உடம்புமாக மகிஷன், கையில் கதை. அளவில் அவன் பெரியவன். தேவி சிறியவள், மெலிந்தவள். அப்படியிருந்தும் யார் தோற்கப்போகிறார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. சிற்பி அதை எப்படிச் சொன்னார்?

இப்போது ஒரு தாளில் இரண்டே இரண்டு கோடுகள் போடுங்கள். ஒன்று தேவியின் தலையிலிருந்து இடுப்பு வரை. இன்னொன்று மகிஷனின் தலையிலிருந்து இடுப்பு வரை. அரை நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம். தேவியின் கோட்டில் சாய்வு குறைவு. மகிஷனின் கோடோ பின்னோக்கி நன்றாகச் சரிந்துவிடும். கதை முழுவதும் இந்த இரண்டு கோடுகளுக்குள் இருக்கிறது. தேவியின் எடை அவள் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அவனுடைய எடை அவன் கையை விட்டுப் போய்விட்டது. இதே இரண்டு கோடுகளைப் புதுத் தாள்களில் திரும்பத் திரும்பப் போட்டுப் பாருங்கள். சாய்வின் அளவு ஒவ்வொரு முறையும் மாறும். குறைவாகச் சாய்த்த தாளில் மகிஷன் பேசிக்கொண்டு நிற்பான். அதிகமாகச் சாய்த்த தாளில் ஏற்கெனவே விழுந்திருப்பான். இடையில் ஒரே ஒரு கோணத்தில் மட்டும் அவன் விழுந்துகொண்டிருப்பான். அந்தக் கோணம் கைக்குப் பிடிபடும் வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

அடுத்தது நூல் சோதனை. சாவி கட்டிய நூலைக் கண்ணெதிரே தொங்கவிட்டு, மகிஷனின் கழுத்துக் குழியிலிருந்து நேர் கீழே அது எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். நிற்கும் உருவத்தில் அந்த நூல் எடை தாங்கும் பாதத்திலோ, இரண்டு பாதங்களுக்கு நடுவிலோ விழும். கோயில் சிற்பிகள் பிரம்மசூத்திரம் என்று நடுநூல் போட்டு உருவத்தை அளப்பதும் இந்த அடிப்படையில்தான். சமபங்கத்தில் உடம்பு அந்த நூலோடு ஒட்டி நிற்கும். அபங்கத்தில் சற்று விலகும். திரிபங்கத்தில் மூன்று இடங்களில் மடங்கி, மீண்டும் நூலுக்கே திரும்பிவிடும். அதிபங்கத்தில் அந்த வளைவு வரம்பு மீறிப் பெருகும். போர், தாண்டவம், சம்காரம் போன்ற வேகமான காட்சிகளுக்கு உரிய நிலை அது. மகிஷனைத் தாங்கிப் பிடிக்க அந்தப் பக்கம் ஒன்றுமில்லை என்பதை நூல் உங்களுக்குச் சொல்லிவிடும்.

பிறகு முறுக்கு. மகிஷனின் உடம்பு விலகி ஓடப் பார்க்கிறது. தலை மட்டும் தேவியின் பக்கம். தப்பிக்கும் ஆசையும் எதிர்க்கும் ஆசையும் ஒரே உடம்பில். இதை வரையும்போது இடுப்புக்கு ஒரு கோடு, தோளுக்கு ஒரு கோடு, கண்களுக்கு ஒரு கோடு என மூன்று குறுக்குக் கோடுகள் மட்டும் போடுங்கள். அவை ஒன்றுக்கொன்று இணையாக அமைந்துவிட்டால் தாளைத் திருப்பிப் போட்டு மறுபடி தொடங்குங்கள். அவ்வளவு கனத்த உடம்புக்குள் ஒரு திருகு ஓடுகிறது. அது பிடிபட்டால் தசைகளை வரையாமலே ஆள் உயிரோடு நிற்பான்.

தருணத்தைப் பற்றியும் ஒரு சொல். தேவியின் அம்பு இன்னும் புறப்படவில்லை. மகிஷனின் கதையும் இன்னும் ஓங்கப்படவில்லை. பிற்காலச் சிற்பங்கள் பலவற்றில் எருமைத் தலை வெட்டுண்டு கிடக்க, தேவி அதன்மேல் அமைதியாக நிற்பாள். மாமல்லபுரத்திலேயே வராக மண்டபத்தில் தேவி போர் இல்லாமல் நிற்கும் வடிவத்தையும் காணலாம். இங்கே சிற்பி முடிவைக் காட்ட மறுத்திருக்கிறார். பெர்னினியின் கவண் எங்கே நின்றதோ, இந்த வில்லும் அங்கேதான் நிற்கிறது. வரையும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஓங்கிய கையை வரைந்தால் அடி இனிமேல் விழும், அடித்து முடித்த கையை வரைந்தால் எல்லாம் முடிந்துவிட்டது.

இன்னொன்றும் கவனித்தேன், எந்த வழிகாட்டியும் எனக்குச் சொன்னதில்லை. வடசுவரில் இடப்பக்கம் என்பது குடைவரையின் உட்பக்கம். வலப்பக்கம் என்பது வாசல். தேவி கருவறை இருக்கும் பக்கத்திலிருந்து வருகிறாள், மகிஷன் வெளியே வெயிலை நோக்கித் தள்ளப்படுகிறான். காட்சியின் வேகம் கல்லோடு நிற்காமல் நாம் நுழைந்து வந்த வாசல் வழியே வெளியேறுகிறது. பரோக் சிற்பம் தன் சட்டகத்தை மீறிப் பார்வையாளன் நிற்கும் வெளிக்குள் வருவதை ஐரோப்பியக் கலை நூல்கள் பக்கம் பக்கமாக விவரிக்கும். அதையெல்லாம் படித்துவிட்டு இங்கே வந்து நின்றால் உடம்பு சிலிர்க்கிறது.

எதிர்ச்சுவரில் இருக்கும் திருமாலுக்கும் சில தாள்கள் ஒதுக்குங்கள். கிடந்த கோலம்; நீண்ட ஒரே கிடைக்கோடு. பக்கத்தில் கதையோடு அசுரர்களான மதுவும் கைடபனும் குமுறிக்கொண்டு நிற்கிறார்கள், அவர் அசையவில்லை. இரண்டு சுவர்களையும் மாற்றி மாற்றி வரைந்தால், அசைவு தெரிய அசையாத ஒன்று பக்கத்தில் வேண்டும் என்பது கைக்குத் தானாகவே புரிந்துவிடும்.

வராக மண்டபம்

குன்றின் மறுபக்கம் வராக மண்டபத்தில் உலகளந்த பெருமாள் இருக்கிறார். ஒரு கால் வானத்துக்கு உயர்ந்திருக்கிறது. மாணவர்கள் இதைத்தான் மிகப் பெரிய அசைவு என்று நினைப்பார்கள். நூலைத் தொங்கவிட்டுப் பாருங்கள். ஊன்றிய காலின் மேல் எடை முழுவதும் உறுதியாக இறங்கியிருக்கிறது. கால் எவ்வளவு உயர்ந்தாலும் இந்த உருவம் விழாது. விழவும் கூடாது, உலகத்தையே அளக்கிற உருவம் அல்லவா. இங்கே வேகம் வருவது எட்டுக் கைகளும் ஒரு மையத்திலிருந்து எல்லாத் திசைக்கும் விரிவதால். கூடவே, காற்றில் புரளும் சிறிய உருவம் ஒன்று பக்கத்தில் இருக்கிறது. அதற்கு நிலம் இல்லை, பிடி இல்லை. அந்தச் சின்ன உருவத்தை மறைத்துக்கொண்டு ஒரு முறையும், சேர்த்து ஒரு முறையும் வரைந்து பாருங்கள்.

தபசுப் பாறை

அர்ச்சுனன் தபசா, பகீரதன் தபசா என்ற வழக்கு ஆய்வாளர்களிடையே நெடுங்காலமாக நடக்கிறது. வரைபவருக்கு அது தேவையில்லை. ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள இந்தப் பாறையில் நமக்கு வேண்டியது பறப்பவர்கள்.

பாறை கிழக்கு பார்த்தது. விடியற்காலை வெயில் நேராக விழுவதால் உருவங்கள் தட்டையாகத் தெரியும். சூரியன் ஏறி மேலிருந்து சரிந்து உரசும் முற்பகல் நேரமே சரி. மதியத்துக்குப் பின் முகப்பு நிழலுக்குள் போய்விடும்.

இறக்கையே இல்லாத கந்தர்வர்களும் கணங்களும் நடுப்பிளவை நோக்கி இரண்டு பக்கமிருந்தும் பறந்து வருகிறார்கள். எப்படிப் பறக்கிறார்கள்? கால்களைக் கவனியுங்கள். முழங்கால் மடங்கிக் குதிகால் பின்னால் போயிருக்கிறது. பாதம் எதன்மீதும் ஊன்றவில்லை. ஊன்றாத பாதம் என்ற ஒரே செய்தியே எடையை எடுத்துவிடுகிறது. ரோமில் புனித இஞ்ஞாசியார் ஆலயத்தின் கூரையில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் போஸ்ஸோ தீட்டிய பறக்கும் உருவங்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். அவர் கீழிருந்து பார்க்கும் கண்ணுக்காக உடம்புகளைக் குறுக்கிக் காட்டினார்; உள்ளங்கால் பெரிதாகவும் தலை சிறிதாகவும் தெரியும். பல்லவச் சிற்பிக்கு அந்த உத்தி தேவைப்படவில்லை. ஒரே பக்கப்பார்வை, ஒரே திசை, திரும்பத் திரும்ப வரும் ஒரே வளைவு. இசையில் ஒரு பிடியைத் திரும்பத் திரும்பப் பாடும்போது வேகம் கூடுவதுபோல இது வேலை செய்கிறது.

பறப்பவர்களைத் தனித்தனியே வரைய வேண்டாம். நான்கைந்து உருவங்களை ஒரே மூச்சில், ஒவ்வொன்றுக்கும் முதுகிலிருந்து குதிகால் வரை ஒரு வளைகோடு மட்டும் போட்டு, வரிசையாகப் பிளவை நோக்கிக் கொண்டுபோங்கள். பிறகு கீழே நிற்கும் யானைகளைக் கனமான கரியால் நிரப்புங்கள். யானைகள் கனக்கக் கனக்க மேலே இருப்பவர்கள் இலேசாவார்கள்.

காதோரமாகக் காலைத் தூக்கி மூக்கைச் சொறியும் மானை விட்டுவிடாதீர்கள். வேகமே இல்லாத அசைவு அது. பரோக் காலத்தவர்கள் பெரும் வேகத்தை விரும்பியதால் இத்தகைய சின்ன அசைவுகளை அதிகம் தொடவில்லை. ரெம்பிராண்ட் விதிவிலக்கு. பக்கத்திலுள்ள கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும் ஆளும் கன்றை நக்கும் பசுவும் இதே வகை. இந்தக் குன்றிலேயே முற்றுப்பெறாத இன்னொரு தபசுப் பாறையும் உண்டு. உருவங்கள் வெறும் திரள்களாக நிற்கின்றன. முகமும் அணிகலனும் வருவதற்கு முன்பே சாய்வும் நிலையும் தீர்மானமாகிவிட்டதை அங்கே கண்கூடாகப் பார்க்கலாம்.

கல்வாடை

ரூபன்ஸ் 1600இல் இத்தாலிக்குப் போய், பழைய ரோமானியச் சிலைகளை, குறிப்பாகப் பாம்புகளோடு போராடும் லாவோகூன் சிலையைப் பல பக்கங்களிலிருந்து வரைந்து பழகியவர். அப்படிப் பழகியவரே, சிலைகளைப் பார்த்து வரைவது பற்றி இலத்தீனில் எழுதிய சிறு குறிப்பில், ஓவியத்தில் கல்லின் வாடை வீசக் கூடாது என்று எச்சரித்தார். கல்லில் விழும் நிழல் கடினமானது. தோலில் விழும் நிழலுக்கு ஓரங்கள் மென்மை. கல்லில் சதை மடிவதில்லை, வியர்ப்பதில்லை. கல்லை மட்டும் வரைந்து பழகிய கை உயிருள்ள ஆளையும் கல்லாக்கிவிடும். மாமல்லபுரத்துக்கு மாணவர்களை அழைத்துவரும் ஆசிரியர்கள் இதை மறக்கக் கூடாது. பகலில் பாதி கல்லுக்கு, பாதி கடற்கரைக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கல்லுக்கும் உயிருக்கும் நடுவே ஒரு படி வேண்டுமானால், சென்னைக்குத் திரும்பும் வழியில் மெரினாவில் உழைப்பாளர் சிலையருகே இறங்குங்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்து 1959இல் நிறுவப்பட்ட வெண்கலச் சிலை. நான்கு ஆட்கள் ஒரு பாறையை நெம்புகிறார்கள். உடம்புகள் எல்லாம் ஒரே மூலைவிட்டத்தில் சாய்ந்து நிற்கின்றன. சோழமண்டலக் கடற்கரையில் பரோக்கின் உறவுக்காரர் என்று ஒரு சிலையைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன். நான்கு பக்கமும் சுற்றிவந்து வரையலாம். புடைப்புச் சிற்பம் தர முடியாத வசதி அது.

ஆனால் உண்மையான பயிற்சி மீனவர் கரையில். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை விடியற்காலையில் எந்தக் குப்பத்துக்குப் போனாலும் ஃபைபர் படகைக் கடலுக்குள் தள்ளும் ஆட்களைப் பார்க்கலாம். வரையும் முன் பக்கத்தில் போய், “அண்ணே, கொஞ்ச நேரம் உக்காந்து வரைஞ்சிக்கட்டுமா?” என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே தலையசைப்பார்கள். வரைந்ததைக் கேட்டால் காட்டுங்கள். யார் வழியிலும் உட்கார வேண்டாம். கயிறு கிடக்கும் பக்கம் கால் வைக்க வேண்டாம்.

கரைவலை இழுக்கும் நாள் கிடைத்தால் அன்று வேறெதையும் வரையாதீர்கள். இரண்டு வரிசை ஆட்கள், இரண்டு கயிறுகள், மணலில் புதையும் குதிகால்கள். ஒவ்வொரு உடம்பும் பின்னால் சாய்ந்திருக்கும். நூல் சோதனை செய்தால் எடை பாதங்களுக்கு வெளியே விழும். கயிறு இந்த நொடியில் அறுந்தால் எல்லோரும் மல்லாந்துவிடுவார்கள். மகிஷனின் சாய்வும் இதே கோணத்துக்குப் பக்கத்தில்தான் வரும். ஆனால் இவர்களைக் கயிறு தாங்குகிறது, அவனைத் தாங்க ஒன்றுமில்லை. இதனால் வலை இழுப்பவரை வரையும்போது கயிற்றைக் கடைசியில் சேர்க்கக் கூடாது. கயிறுதான் முதல் கோடு. அது இழுக்கும் திசை தாளில் விழுந்த பிறகே அதை எதிர்த்துச் சாயும் உடம்பு சரியாக வரும். வலையின் மடி கரையை நெருங்க நெருங்கக் கயிறு கனத்து, சாய்வும் கூடும். ஒரே வரிசையைத் தொடக்கத்திலும் முடிவிலும் வரைந்து ஒப்பிடுங்கள்.

முட்டுக்காடு உப்பங்கழிப் பக்கம் வீச்சுவலை வீசுபவர்கள் முறுக்குக்கு நல்ல பாடம். வலையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பை ஒரு பக்கம் நிறுத்தித் தோளை மறுபக்கம் திருப்பும் நொடியைத் தேர்ந்தெடுங்கள். வலை விரிந்து பறக்கும் நொடி அழகானது. ஆனால் அப்போது உடம்பின் திருகு அவிழ்ந்துவிட்டிருக்கும். ஆள் அசையாமல் நிற்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஒருவர் திரும்பத் திரும்ப வீசுவார். முதல் வீச்சில் கால்களின் இடம், அடுத்ததில் இடுப்பு, அதற்கடுத்ததில் தோள் என்று ஒரே தாளில் சேர்த்துக்கொண்டே போகலாம். போட்டோ எடுத்து வீட்டில் வரையலாமே என்று தோன்றும். கேமரா ஒரு நொடியை மட்டும் உறையவைக்கும். எடை எங்கிருந்து எங்கே போனது என்பது அதில் இருக்காது. பார்த்து, கண்ணை மூடி, நினைவிலிருந்து வரைவது அதைவிட நல்லது.

டிசம்பர், ஜனவரியில் மாமல்லபுரத்தில் நாட்டிய விழா நடக்கும் மாலைகளிலும் போய் வரையுங்கள். ஒரு எச்சரிக்கை: பரதநாட்டியக்காரரின் எடை அரைமண்டியில் நடுநூலை விட்டு அதிகம் விலகாது. அது கட்டுப்பட்ட அசைவு. தேவியின் நிமிர்வுக்கு அது உறவு, ஆனால் மகிஷனை அங்கே தேட வேண்டாம்.

துணியும் வெளிச்சமும்

பெர்னினியும் ரூபன்ஸும் பறக்கும் துணியை வைத்துப் பாதி வேகத்தை உண்டாக்கினார்கள். பல்லவச் சிற்பி துணியை அதிகம் நம்பவில்லை. உடம்பே பேசட்டும் என்று விட்டுவிட்டார். கற்பவர் இந்த வரிசையைப் பின்பற்றுவது நல்லது: உடம்பு முதலில், துணி பிறகு. கடற்கரையில் மடித்துக் கட்டிய லுங்கியை வரையும்போது மடிப்புகள் எங்கே பிறக்கின்றன என்று பாருங்கள். இடுப்பில் செருகிய முடிச்சிலும் முழங்கால் முட்டும் இடத்திலும் அவை தொடங்கி, அங்கிருந்து விரியும். தொடங்கும் இடம் தெரியாத மடிப்பைப் போடாதீர்கள்.

பிரவுன் ஷீட் இப்போது வேலைக்கு வரும். ரூபன்ஸ் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என மூன்று குச்சிகளால் வரைவார். பழுப்புத் தாளே நடுநிறமாக இருப்பதால், நிழலுக்குக் கரி, சதைக்குச் செங்காவி, வெளிச்சத்துக்குச் சாதாரண சாக்பீஸ் போதும். வெள்ளையை எடை அழுத்தும் இடங்களில் மட்டும் வையுங்கள்: இழுபடும் தோள், ஊன்றிய முழங்கால், குதிகால். உடம்பு முழுக்க வெள்ளை பூசினால் எதுவும் முன்னே வராது.

ரெம்பிராண்ட் 1650களின் இறுதியை ஒட்டி முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து வரைந்த பிரதிகளில் இருபதுக்கும் மேற்பட்டவை இன்றும் உள்ளன. அந்தப் பிரதிகளில் உடை, நிலை, சாய்வு எல்லாம் முகலாயருடையவை. கோடு மட்டும் ரெம்பிராண்டுடையது. நீங்களும் மாமல்லபுரத்துச் சிற்பத்தின் சாய்வை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் கோட்டை அல்ல.

வீட்டுக்கு வந்த பின்

கரியில் வரைந்த தாள்கள் கடற்காற்று ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கலையும். நடுவில் செய்தித்தாள் வைத்துக் கொண்டுவந்து, காய்ந்ததும் ஃபிக்ஸேட்டிவ் அடியுங்கள். பிறகு எல்லாவற்றையும் தரையில் பரப்பி, எடை உண்மையில் நகரும் தாள்களை மட்டும் பொறுக்குங்கள். அழகாக வந்த முகத்துக்காக ஒரு தாளையும் காப்பாற்ற வேண்டாம்.

பொறுக்கியவற்றிலிருந்து இரண்டு உருவங்களை, ஒன்று குகையிலிருந்து, ஒன்று கரையிலிருந்து எடுத்து, பெரிய தாள் ஒன்றில் எதிரெதிராக வையுங்கள். வலை இழுப்பவரின் சாய்வும் தேவியின் நிமிர்வும் சேரலாம். படகு தள்ளுபவரும் மகிஷனும் சேரலாம். இருவருக்கும் நடுவே விடும் வெற்றிடத்தின் அளவை மாற்றி மாற்றிப் பாருங்கள். மிக நெருக்கினால் மோதல் முடிந்துவிட்டதாகத் தெரியும். மிக விலக்கினால் இருவருக்கும் சம்பந்தமே இராது. சரியான இடைவெளி கிடைத்ததும் தாளைத் தலைகீழாகத் திருப்பிச் சுவரில் குத்தி, நான்கு அடி தள்ளி நின்று பாருங்கள். முகமும் கையும் அடையாளம் தெரியாத அந்த நிலையிலும் இரண்டு சாய்வுகளும் ஒன்றையொன்று தள்ளினால், விவரங்களைச் சேர்க்கத் தொடங்கலாம். தள்ளாவிட்டால் இரண்டு கோடுகளோடு மறுபடி தொடங்குங்கள்.